பெற்றோர் சபையின் பெயரில்

ஒக்டோபர் விடுமுறை முடிந்து பாடசாலை மீண்டும் தொடங்கிய வாரத்தில் பெற்றோர் சபை கூடியது. தலைவி என்ற முறையில் சரணியா சற்று முன்னதாகவே போய்க் கைவேலை வகுப்பறையைத் திறந்து, பசையும் மரத்தூளும் மணக்கும் மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது திருமதி ஸ்பிண்டன் உள்ளே வந்தார். எர்லன்ஃபெல்ட் ஊர் நிர்வாகத்தில் கல்விக்குப் பொறுப்பானவர் அவர். அவரைக் கூட்டத்துக்கு யாரும் அழைத்திருக்கவில்லை. ஆனால் பேக்கரிப் பையோடும் நல்ல சிரிப்போடும் வந்து நிற்கிறவரிடம் ஏன் வந்தீர்கள் என்று எப்படிக் கேட்பது?

சரணியா சுவிஸ் தலைநகர் பேர்ணில் பிறந்து வளர்ந்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் காலம் முழுக்க நின்றவரின் மகள். அவளும் வைத்தியசாலையில்தான் வேலை செய்கிறாள், பிசியோதெரபிஸ்டாக. கோபிசனைக் கலியாணம் செய்து, மகள் ஜெனனி பிறந்த பிறகு, பேர்ணிலிருந்து ரயிலில் சற்றுத் தள்ளி இருக்கும் எர்லன்ஃபெல்டுக்கு அவர்கள் வீடு மாறினார்கள். சுவிஸில் பிறந்தவர்களுக்கும் குடியுரிமை தானாக வராது; இந்த ஊருக்கு விண்ணப்பித்துத்தான் அவள் அதை எடுத்தாள். போன வருடம் பெற்றோர் சபைக்குத் தலைமை தாங்க ஒருவரும் முன்வராமல் எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாமல் கையைத் தூக்கியவள் அவள். அதுவரைக்கும் அந்தச் சபை செய்த பெரிய காரியம், வருடத்துக்கு ஒருமுறை பழைய விளையாட்டுச் சாமான்களுக்குச் சந்தை போட்டதுதான்.

எல்லாரும் வந்து சேர்ந்ததும் திருமதி ஸ்பிண்டன் விடயத்துக்கு வந்தார். பாடசாலை முற்றத்தில் தற்காலிகம் என்று சொல்லி வைத்த கொன்டெய்னர் வகுப்புகள் வருடக்கணக்காக அங்கேயே நின்றன. வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு மதியம் சாப்பாடு கொடுத்து மாலைவரை வைத்திருக்கும் 'தாகஸ்சூல' நிலவறையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. புதுக் கட்டடம் வேண்டுமென்றால் ஊர் வரியை உயர்த்த வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் ஊர்ச்சபை கூடும். வாக்குரிமை உள்ளவர்கள் கைதூக்கி முடிவு செய்வார்கள்.

"எதிர்ப்பவர்கள் ஏற்கனவே வேலையைத் தொடங்கிவிட்டார்கள்," என்றார் திருமதி ஸ்பிண்டன். "அவர்களுக்கு முன்னால் பெற்றோர் ஒரே குரலாக நிற்க வேண்டும்."

பேக்கரிப் பைக்குக் கீழிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். வீடுகளுக்குப் போடவிருக்கும் துண்டுப்பிரசுரத்தின் மாதிரி அது. பிள்ளை வரைந்தது போன்ற ஒரு சூரியன், அதற்குக் கீழே பெரிய எழுத்தில், 'எங்கள் பாடசாலையின் பெற்றோர் எல்லாரும் ஆம் என்கிறோம்.' ஆகக் கீழே, 'பெற்றோர் சபை, எர்லன்ஃபெல்ட்.'

"வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் சம்மதம் கிடைத்தால் அச்சுக்குக் கொடுக்கலாம்."

பக்கத்திலிருந்த மார்ட்டினா, சபையின் செயலாளர், பேனையைத் தேடினாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூவரும் தாகஸ்சூலவில் சாப்பிடுகிறவர்கள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். சரணியாவுக்கும் இந்த வரி உயர்வில் மனத்தடை எதுவும் இல்லை. கொன்டெய்னருக்குள் கோடையில் வியர்த்து ஒழுகி, மாரியில் தொப்பியோடு இருந்து படிப்பது அவளுடைய பிள்ளையும்தான். ஆனால் 'எல்லாரும்' என்ற சொல்லில் அவளுடைய கண் போய் நின்றுவிட்டது.

"ஒரு கிழமை தாருங்கள்," என்றாள். "மற்றப் பெற்றோரோடு கொஞ்சம் கதைத்துப் பார்க்கிறோம்."

"கதைப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று திருமதி ஸ்பிண்டன் சிரித்தபடியே கேட்டார். "இது தோற்றால் முதலில் வெட்டு விழப்போவது தாகஸ்சூலவுக்குத்தான். வேறு எங்கே மிச்சம் பிடிப்பது? அதையும் பெற்றோருக்குச் சொல்லுங்கள்."

கூட்டம் முடிந்து சைக்கிள் நிறுத்துமிடம் வரைக்கும் அவர் சரணியாவோடு நடந்து வந்தார். மேப்பிள் மரங்கள் சிவந்த இலைகளைக் கொட்டிக்கொண்டிருந்தன. குரலைத் தாழ்த்தி, உறவுக்காரர் போலக் கதைத்தார்.

"உங்கள் குடியுரிமை நேர்முகம் ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குழுவில் நானும் இருந்தேன். இந்தப் பெண் ஊருக்கு உதவக்கூடியவள் என்று அன்றைக்கே சொன்னேன். நான் சொன்னது பிழையாகவில்லை என்று நினைக்கிறேன்."

அது பாராட்டா, வேறு ஏதாவதா என்று சரணியாவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நன்றி என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளினாள். வீட்டுக்கு ஏறும் மேட்டுப்பாதை அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் களைக்க வைத்தது.

கோபிசன் மின்பொறியியல் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறவன். எதையும் சுற்றி வளைக்காமல் பார்க்கிறவன். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் வெட்டினான்.

"நாங்களும் ஓம் தானே. பேந்து கையெழுத்து வைக்கிறதுக்கு என்ன?"

"நான் ஓம் எண்டால் நான் ஓம். எல்லாரும் ஓம் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"தாய் தகப்பன் ஆரும் பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம் எண்டு சொல்லுவினமோ?"

"அதைத்தான் கேட்டுப் பாக்கப் போறன்."

மறுநாள் பாடசாலை விடும் நேரம் வாசலில் நின்று கேட்கத் தொடங்கினாள். முதலில் அகப்பட்டவர் தவச்செல்வன். பேர்ணில் பஸ் ஓட்டுகிறவர். மகன் ஜதுஷனை ஏற்றிப் போக வந்திருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்தான் ஊர் எல்லையில் ஒரு சின்ன வீடு வாங்கியவர்.

"இல்லைத் தங்கச்சி, நான் ஓம் எண்டு சொல்லமாட்டன்," என்றார் பட்டென்று. "சம்பளம் நிண்ட இடத்திலயே நிக்குது. வைத்தியக் காப்புறுதி வருசா வருசம் ஏறுது. இதில வரியும் ஏறினால் என்ரை மனுசி இன்னொரு வேலைக்குப் போகோணும். பேந்து பிள்ளையை ஆர் பாக்கிறது?"

"அதுக்குத்தானே அண்ணை தாகஸ்சூல."

"அதுக்கும் காசு கட்டத்தானே வேணும்," என்று சொல்லிவிட்டு அவர் மகனின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். கோபம் எதுவும் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

அடுத்து ஒரு சுவிஸ் தாய். பள்ளி வேண்டும், ஆனால் இவ்வளவு பெரிய கட்டடம் வேண்டாம் என்றாள். இன்னொரு தகப்பன், இந்த ஊர் நிர்வாகம் போன தடவை வட்டச் சந்தி கட்டிக் காசை வீணாக்கிய கதையை எடுத்து வைத்து, இவர்களிடம் காசு கொடுக்கப் பயமாக இருக்கிறது என்றான். எரித்திரியத் தாய் ஒருத்தி கேள்வியைக் கேட்டதும் முதலில் சிரித்தாள். தனக்கு வாக்கு இல்லையே, தன்னிடம் எதற்குக் கேட்கிறாய் என்றாள். ஆம் என்றவர்களும் நிறையப் பேர். அவர்களில் பலர் அதை உரத்தே சொன்னார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தபோது சரணியாவுக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அந்தத் தாளில் இருந்த வசனம் உண்மையில்லை.

சபையில் இருந்தவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். மார்ட்டினா முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு, "பொய் சொல்லி வென்றால் அடுத்த தடவை எங்களை ஒருவரும் நம்பமாட்டார்கள், அதுதானே சொல்கிறாய்," என்று தானே முடித்தாள். சரணியா திருமதி ஸ்பிண்டனுக்குத் தொலைபேசி எடுத்தாள். சபை கையெழுத்து வைக்காது, ஆனால் பெற்றோர் எல்லாரையும் கூட்டிக் கேட்டு, வருகிற பதிலை அப்படியே ஊருக்குச் சொல்லும் என்றாள்.

"அதற்கு நேரமில்லை," என்றார் திருமதி ஸ்பிண்டன். குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "உங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை."

அதைவிடக் கடினமான பேச்சு இரண்டு நாள் கழித்து வந்தது. டிலக்ஷி சரணியாவைவிட நாலைந்து வயது இளையவள். வன்னியிலிருந்து தனியாக வந்து, மலைப்பக்கத்து இன்டர்லாக்கனில் ஹோட்டல் சமையலறையில் பல வருடம் வேலை செய்து, கணவன் விட்டுப் போன பிறகு இரண்டு பெண் பிள்ளைகளோடு இந்த ஊருக்கு வந்தவள். இப்போது பேர்ணில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. ஞாயிறு மாலைகளில் சரணியாவின் வீட்டுக்கு வந்து பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிப்பாள். அன்றைக்கு அவள் கோட்டைக் கழற்றவில்லை.

"சரணியாக்கா, நீங்கள் கையெழுத்து வைக்கேல்லையாம். உண்மையோ?"

"ஓம். இரும், சொல்லுறன்."

"நான் இருக்க வரேல்லை." டிலக்ஷி வாசலிலேயே நின்றாள். "உங்களுக்கு மாமி இருக்கிறா, பிள்ளையைப் பாப்பா. எனக்கு ஆர் இருக்கினம்? தாகஸ்சூலவைப் பூட்டினால் நான் வேலையை விடோணும். வேலையை விட்டால் என்ரை விசா என்ன ஆகும் எண்டு உங்களுக்குத் தெரியும் தானே. உங்களிட்ட வாக்கு இருக்கு. எங்களிட்ட அதுவும் இல்லை. எங்களுக்கு எண்டு இருந்தது அந்தப் பெற்றோர் சபைதான். அதையும் நீங்கள் வாயை மூட வைச்சிட்டியள்."

சரணியா என்னென்னவோ சொன்னாள். தவச்செல்வன் அண்ணையைப் பற்றி, அந்த 'எல்லாரும்' என்ற சொல்லைப் பற்றி. சொல்லும்போதே அவளுக்குத் தன் காதில் அது புத்தகத்தில் படித்தது போலக் கேட்டது. டிலக்ஷி பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சப்பாத்தைப் போடச் சொன்னாள். ஜெனனி வாசலில் நின்று, "ஏன் இண்டைக்குக் கெதியா போகினம்?" என்று கேட்டாள்.

நவம்பர் நடுவில் துண்டுப்பிரசுரம் எல்லா வீட்டுத் தபால்பெட்டிக்கும் வந்தது. அதே சூரியன், அதே வசனம், ஆகக் கீழே அதே பெயர். சரணியா அதைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்றாள். முதலில் வந்தது கோபம் அல்ல, வெட்கம். தவச்செல்வன் அண்ணை இதைப் பார்ப்பார். தன்னிடம் கேட்டுவிட்டு, தன் பதிலைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று நினைப்பார்.

நிர்வாகத்தைத் தொலைபேசியில் கேட்டபோது, அச்சகத்தில் ஏதோ குழப்பம் என்றார்கள். திருமதி ஸ்பிண்டன் தொலைபேசியை எடுக்கவில்லை. அன்று மாலையே வேறொருவரிடமிருந்து அழைப்பு வந்தது. ஏஷ்லிமன். ஊருக்கு மேலே பால்பண்ணை வைத்திருப்பவர். வரி உயர்வை எதிர்ப்பவர்களுக்கு முன்னால் நிற்பவர். அவளோடு அதற்கு முன் கதைத்தது கூட இல்லை.

"உங்கள் பெயரைத் திருடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்," என்றார். "ஊர்ப் பத்திரிகையில் எங்கள் பக்கம் ஒன்று வருகிறது. அதில் நீங்கள் நாலு வரி எழுதினால் போதும். இந்தத் திட்டம் அன்றைக்கே செத்தது."

ஒரு கணம் அவளுக்கு எழுதிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. பிறகு டிலக்ஷியின் முகம் வந்தது.

"ஏஷ்லிமன் ஐயா, அவர்களுக்கு நான் கையெழுத்து வைக்கவில்லை. உங்களுக்கும் வைக்கமாட்டேன்."

 தொலைபேசியில் மாடுகளின் மணிச்சத்தம் கேட்டது. "அதுவும் சரிதான்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வாரமே சபை தான் சொன்னதைச் செய்தது. சனிக்கிழமை காலை பெற்றோரைப் பாடசாலைக்குக் கூப்பிட்டார்கள். வாக்குரிமை இருக்கிறதா இல்லையா என்று யாரையும் கேட்கவில்லை. பிள்ளை இருந்தால் போதும். நினைத்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். தமிழும் போர்த்துக்கீசமும் அல்பேனியமும் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மொழிபெயர்த்தார்கள். இரண்டு மணிநேரம் எல்லாரும் மாறி மாறிப் பேசினார்கள், சில இடங்களில் சத்தமும் போட்டார்கள். முடிவில் பெரும்பகுதி ஆம் என்றது. கணிசமான பகுதி இல்லை என்றது. ஆனால் இரண்டு பக்கத்திலும் ஒன்றை எல்லாரும் சொன்னார்கள். முதலில் தாகஸ்சூலவைச் சரிசெய்யுங்கள், கட்டடத்தின் மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம், வாங்கிய வரியை என்ன செய்தீர்கள் என்று வந்து சொல்லுங்கள். தவச்செல்வன் அண்ணைகூட, "அப்பிடி எண்டால் நானும் யோசிப்பன்," என்றார். டிலக்ஷி வரவில்லை. சனிக்கிழமையும் அவளுக்கு வேலை.

ஊர்ச்சபை பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில் கூடியது. வாசலில் வாக்குரிமை உள்ளவர்களுக்கு மஞ்சள் அட்டை கொடுத்து நடுவில் இருத்தினார்கள். மற்றவர்கள் விருந்தினர். அவர்களுக்குச் சுவரோரமாக, பிள்ளைகள் ஏறி விளையாடும் மரக்கம்பிகளுக்குக் கீழே, தனி நாற்காலிகள். மண்டபம் நிறைந்து வழிந்தது. சரணியா கோபிசனோடு உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, சுவரோரம் கடைசி நாற்காலியில் டிலக்ஷி இருந்தாள். வேலை உடுப்புக்கு மேல் கோட்டு. சரணியாவைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் பார்வையைத் திருப்பவும் இல்லை.

திருமதி ஸ்பிண்டன் திட்டத்தை விளக்கினார். நன்றாகத்தான் விளக்கினார். கடைசியில், "பெற்றோர் முழுமையாக எங்களோடு நிற்கிறார்கள்," என்று சொல்லித் துண்டுப்பிரசுரத்தை உயர்த்திக் காட்டினார்.

கூட்டத் தலைவர் யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டதும் சரணியா எழுந்தாள். ஒலிவாங்கி வரைக்கும் அடியை எண்ணி எண்ணி நடந்தாள். தினமும் நோயாளிகளை எழுப்பி நடக்க வைக்கிறவள் அவள்.

"நான் பெற்றோர் சபையின் தலைவி," என்றாள். "அந்தத் துண்டுப்பிரசுரத்துக்கு எங்கள் சபை சம்மதம் கொடுக்கவில்லை. கேட்டார்கள், இல்லை என்று சொன்னோம். அதற்குப் பிறகும் எங்கள் பெயரோடு வந்தது."

மண்டபம் இரைந்தது. யாரோ பின்னால் கைதட்டினார்கள். திருமதி ஸ்பிண்டனின் கழுத்து சிவந்து அந்தச் சிவப்பு முகத்துக்கு ஏறியது. சரணியா கைதட்டல் அடங்கும் வரைக்கும் நின்றாள்.

"கைதட்டுகிறவர்கள் மிச்சத்தையும் கேளுங்கள். பிறகு நாங்களே பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்டோம். கூடுதலான பேர் ஆம் என்றார்கள். நிறையப் பேர் இல்லை என்றார்கள். எல்லாருக்கும் தாகஸ்சூல வேண்டும். எல்லாருக்கும் கணக்குத் தெரிய வேண்டும். சபையின் பெயரில் நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்." மூச்சு எடுத்தாள். "இனி என்னுடைய பெயரில் சொல்கிறேன். நான் ஆம் என்றுதான் கை தூக்குவேன். என் மகள் கொன்டெய்னரில் படிக்கிறாள். எனக்கு அது போதும்."

அவள் திரும்பி வந்து இருந்தபோது கோபிசன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான். 

ஏஷ்லிமன் எழுந்தார். இனி அவ்வளவுதான் என்று சரணியா நினைத்தாள். அவர் ஒலிவாங்கியைத் தொடவில்லை. அந்தக் குரலுக்கு அது தேவையும் இல்லை.

"பெற்றோர், பெற்றோர் என்று மாலை முழுக்கக் கேட்கிறேன்," என்றார். "எனக்குத் தெரிந்தவரை பெற்றோரில் பாதிப்பேர் அந்தச் சுவரோரம் இருக்கிறார்கள். அவர்களும் வரி கட்டுகிறார்கள். கை தூக்க உரிமையில்லை, அது சட்டம். ஆனால் ஊர்ச்சபை சம்மதித்தால் விருந்தினர் பேசலாம். அதுவும் சட்டம். ஒருவரையாவது கேட்போம்."

கூட்டத் தலைவர் தாள்களைப் புரட்டிவிட்டுத் தலையாட்டினார். மஞ்சள் அட்டைகள் எழுந்தன, ஏறக்குறைய எல்லாமே. ஆனால் சுவரோரம் யாரும் அசையவில்லை. ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு டிலக்ஷி எழுந்தாள்.

அவள் ஜேர்மன் கற்றது இன்டர்லாக்கன் சமையலறையில். வாயைத் திறந்ததும் அந்தப் பக்கத்து மலைநாட்டு ராகம் வந்தது. எர்லன்ஃபெல்ட்காரருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், சில முகங்கள் மலர்ந்தன.

"எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை," என்றாள். "நான் பேர்ணில் முதியோர் இல்லத்தில் சமைக்கிறேன். உங்களில் சிலருடைய அம்மா அப்பா என் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள். நான் அவர்களுக்குச் சமைக்கிற நேரத்தில் என் பிள்ளைகளுக்கு இந்த நிலவறையில் சாப்பாடு கொடுக்கிறார்கள். அது இல்லை என்றால் நான் வேலைக்குப் போக முடியாது. நானும் இந்த வரியைக் கட்டுவேன். கொஞ்சம் கூடக் கட்டச் சொன்னால் கட்டுவேன். இது தோற்றால் தாகஸ்சூலவை வெட்டுவோம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். அதைக் கேட்டு எனக்குப் பயம் வந்தது. பயத்தில் என் சிநேகிதியோடு சண்டை பிடித்தேன்."  சரணியாவின் பக்கம் பார்க்கவில்லை. "பயமுறுத்தாமல் கேட்டிருந்தாலும் நான் ஆம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவ்வளவுதான்."

அவள் உட்கார்ந்தாள். பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு வயதான பெண், தாகஸ்சூலவை உண்மையிலேயே வெட்டப்போவதாகச் சொன்னீர்களா என்று நிர்வாகத்தைக் கேட்டாள். திருமதி ஸ்பிண்டன் எழுந்தார். அது முடிவான விடயம் அல்ல, தான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

ஏஷ்லிமன் மறுபடியும் எழுந்து ஒரு மாற்று யோசனையை முன்வைத்தார். வரியை நிர்வாகம் கேட்டதில் பாதியளவு உயர்த்துவது. முதலில் தாகஸ்சூலவைக் கட்டுவது. மூன்று வருடத்தில் இதே சபைக்கு வந்து கணக்குச் சொல்லி, அதற்குப் பிறகுதான் மிச்சம். "இதுவும் எனக்கு அதிகம்தான்," என்று முறைப்பாக ஒரு வசனம் சேர்த்துக்கொண்டார். நிர்வாகத்தினர் மேடையில் தலையோடு தலை சேர்த்துக் கதைத்தார்கள். திருமதி ஸ்பிண்டன்தான் ஒலிவாங்கிக்கு வந்து, ஏற்றுக்கொள்கிறோம் என்றார்.

மஞ்சள் அட்டைகள் எழுந்தன. எண்ணுகிறவர்கள் வரிசை வரிசையாக நடந்தார்கள். எதிர்த்து எழுந்தவையும் குறைவில்லை, அதனால் இரண்டாம் தரமும் எண்ணினார்கள். சரணியா கழுத்தை நீட்டித் தேடினாள். தவச்செல்வன் அண்ணை அட்டையை அரைகுறையாக, தோளுக்குச் சற்று மேலே, பிடித்திருந்தார். அதையும் எண்ணினார்கள். யோசனை நிறைவேறியது.

வெளியே குளிர் கடித்தது. சனம் கூட்டம் கூட்டமாக நின்று கதைத்தது. திருமதி ஸ்பிண்டன் சரணியாவைத் தேடி வந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டபடி நின்றார், கையை நீட்டவில்லை.

"அச்சுக்குக் கொடுக்கச் சொன்னது நான்தான்," என்றார். "நீங்கள் கடைசியில் சம்மதிப்பீர்கள் என்று நினைத்தேன். எல்லார் முன்னிலையிலும் சொல்லாமல் என்னிடம் வந்திருக்கலாம்."

"வந்தேன். நீங்கள் தொலைபேசியை எடுக்கவில்லை."

திருமதி ஸ்பிண்டன் அதை மறுக்கவில்லை. இரவு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அவர்களுக்குள் முன்னைய இனிமை பிறகு திரும்பி வரவே இல்லை. ஆனால் தை மாதம் தாகஸ்சூல வரைபடம் தயாரானதும் அவர் பெற்றோர் சபைக்கு முறைப்படி எழுதி, அழைப்புக் கேட்டு, அழைத்த பிறகே வந்தார். சமையலறை எங்கே இருக்க வேண்டும், கழுவும் இடம் போதுமா என்று கேட்டு, சொன்னதைக் குறித்துக்கொண்டார்.

ஊர்ச்சபை கூடிய அன்றிரவு மண்டப வாசலில் டிலக்ஷியும் காத்துக்கொண்டு நின்றாள்.

"நான் உங்களைப் பேசினது பிழைதான் அக்கா," என்றாள்.

"பிழை எண்டு இல்லை. உமக்கு இருந்த பயம் எனக்கு இல்லை, அவ்வளவுதான். நான் உம்மட்ட வந்து முதலே கேட்டிருக்கோணும். வாசல்ல நிண்டு எல்லாரையும் கேட்டன், உம்மைக் கேக்கேல்லை. நீர் ஓம் எண்டுதான் சொல்லுவீர் எண்டு நானே முடிவு கட்டிட்டன்."

டிலக்ஷிக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப நீங்களும் அந்த ஸ்பிண்டனும் ஒண்டுதான்."

"ஓம், கொஞ்சம்," என்றாள் சரணியா. அவளுக்கும் சிரிப்பு வந்தது. "மார்ட்டினா வேலைப்பளு கூட எண்டு சபையை விட்டுப் போறாள். அந்த இடத்துக்கு ஆள் வேணும். அதுக்கு வாக்கு உரிமை தேவையில்லை. இந்த முறை முடிவு கட்டேல்லை, கேக்கிறன். வருவீரோ?"

 சனிக்கிழமைகளில் கூட்டம் வைக்காவிட்டால் யோசிக்கலாம் என்றாள் டிலக்ஷி.

மாசி மாதத்தில் ஒருநாள் மத்தியானம் பாடசாலை முற்றத்தின் கிழக்குப் பக்கத்தில் உயரமான உலோகக் கம்புகளை நட்டார்கள். கட்டப்போகும் கட்டடத்தின் மூலைகளையும் உயரத்தையும் ஊரார் முன்கூட்டியே கண்ணால் பார்ப்பதற்காக நடுகிற கம்புகள். உச்சியில் கூரை சாயும் பக்கத்துக்குச் சின்னச் சட்டங்கள். பிள்ளைகளுக்கு அது உடனே வீடாகிவிட்டது. ஜெனனியும் டிலக்ஷியின் மகள்களும் பனியில் கோடு கீறி, இது கதவு, இது சாப்பாட்டு மேசை, இங்கே சப்பாத்தோடு வரக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஜதுஷன் கதவில்லாத பக்கத்தால் வந்துவிட்டான் என்று சண்டை.

மாலைநேர வேலைக்குப் போகும் அவசரத்திலும் டிலக்ஷி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கம்புகளுக்கு இடையில் தூரத்தில் மலைகள் தெரிந்தன.

"சமையலறை யன்னல் அந்தப் பக்கம் தானே வருது?" என்று கேட்டாள்.

"படத்தில அப்பிடித்தான் இருக்கு."

"அப்ப சமைக்கிற ஆக்களுக்கும் மலை தெரியும்," என்று சொல்லிவிட்டு, ரயிலைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.